நாடிகளிற் குருதி உறைவதேன்?

யூபிலி விழாவுக்கென ஒன்றுகூடும் பழைய மாணவர் முதற்கண் தேடுவது தம் வகுப்புத் தோழரையே. அவ்வாறு தேடும்போது சில இடங்கள் வெறுமையாயிருக்கக் காண்கின்றோம். "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தார், விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், வைத்தியசாலைக்குக் கொண்டுபோகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது" என்னும் சொற்களைக் கேளாதார் நம்முள் அரியர். இச்சொற்களிலே ஒரு பிழை உண்டு. அவர் நேற்றுவரை நன்றாக இருந்தவரல்லர். அவருடைய நாடிகளிலே நோய் இருபது முப்பது ஆண்டுகளாக ஓசையின்றி வளர்ந்து வந்தது. அன்று விடியற்காலையில் நிகழ்ந்தது அதன் முடிவு மட்டுமே. இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதி உறைதல் இயல்பிலே தீய செயலன்று. மைதானத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட சிறுவனின் காயத்தைக் கவனியுங்கள். சில நிமிடங்களில் இரத்தம் தானாகவே நின்றுவிடுகின்றது. இப்பணியை முதலிலே தொடங்குவன குருதிச் சிறுதட்டுக்கள். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் இவை ஏறத்தாழ 150,000 முதல் 400,000 வரை உள்ளன. இவற்றின் தொழிலை 1882 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் பிற்சொசெரோ விளக்கினார். காயம்பட்ட இடத்திற் சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகின்றன. பின்னர் பைபிரின் என்னும் நூல்கள் வலைபோலப் பின்னி அவ்வடைப்பை இறுக்குகின்றன. இவ்வாற்றல் இல்லையேல் சிறு முள் தைத்தாலும் உயிருக்கு மோசம் நேரும்.

காயத்தில் நம்மைக் காக்கும் இவ்வாற்றல் நாடிக்குள்ளே நம்மைக் கொல்வதேன்? குருதி உறைதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. குழாய்ச் சுவரின் கேடு, குருதியோட்டத்தின் தளர்ச்சி, குருதியின் தன்மையில் ஏற்படும் மாற்றம் என்பனவே அவை. இம்மூன்றும் சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த செருமானிய மருத்துவர் வேர்ச்சோவின் பெயரால் வழங்குவன. காலின் நாளங்களிற் கட்டி உண்டாவதற்கு ஓட்டத்தின் தளர்ச்சி பெருங்காரணமாகலாம். நாடிகளிலோ குருதி விசையுடன் பாய்கின்றது. ஆதலின் இங்கே முதற்குற்றவாளி சுவரின் கேடேயாகும்.

இருதயத் தசைக்குக் குருதி வழங்கும் முடியுரு நாடிகள் மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலமே உடையன. அவற்றின் உட்புறத்தை மிக மெல்லிய படலமொன்று மூடியிருக்கின்றது. அப்படலம் நலமாயிருக்கும்வரை சிறுதட்டுக்கள் அதில் ஒட்டுவதில்லை. படலம் பழுதுற்றால் குருதியிலுள்ள கொலஸ்திரோல் சுவரினுட் புகுந்து தங்குகின்றது. அதை அகற்ற வரும் வெண்கலங்கள் கொழுப்பை உண்டு பருத்து, அங்கேயே மடிகின்றன. இவ்வாறு கூழ்போன்ற கொழுப்பும், அதன்மேல் ஒரு மெல்லிய மூடியுமாக ஒரு தடிப்பு ஆண்டுதோறும் வளர்கின்றது.

ஒருநாள் அம்மூடி வெடிக்கின்றது. உள்ளிருந்த கூழ் குருதியைத் தொடுகின்றது. முழங்காற் காயம் எது, நாடியின் உட்காயம் எது என்று பிரித்தறியும் அறிவு சிறுதட்டுக்களுக்கு இல்லை. அவை வழக்கம்போல ஓடிவந்து அடைக்கின்றன. சில நிமிடங்களில் நாடி மூடிக்கொள்ள, குருதியற்ற இருதயத் தசை அரைமணி நேரத்துள் இறக்கத் தொடங்குகின்றது. இதுவே மாரடைப்பு. இதே அடைப்பு மூளையின் நாடியில் நேர்ந்தாற் பாரிசவாதம். காலின் நாடியில் நேர்ந்தாற் கால் அழுகவுங் கூடும். இருதயம் ஒழுங்கின்றித் துடிப்போரில் அதன் மேலறையிலே கட்டி தோன்றி, ஓட்டத்தோடு சென்று மூளையை அடைப்பதும் உண்டு.

வெடிக்கும் தடிப்பு நாடியைப் பெரிதும் ஒடுக்கியிருக்க வேண்டுமென்பதில்லை. பாதி வழியை மட்டும் மறைக்கும் தடிப்பு யாதொரு நோவையும் தராது. ஆயினும் அது வெடிக்கலாம். "நேற்றுவரை நன்றாக இருந்தார்" என்று நாம் மயங்குவதன் காரணம் இதுவே.

இந்நோய் முதியோர்க்கே உரியதென மாணவர் எண்ணுதல் கூடாது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரரின் இருதயங்களை ஆராய்ந்த மருத்துவர் 1953 இல் தம் முடிவை வெளியிட்டனர். இறந்தோரின் சராசரி வயது 22. அவருள் நாலில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோரின் முடியுரு நாடிகளில் நோயின் அடையாளம் காணப்பட்டது.

இக்கேட்டை விளைப்பன யாவை? அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 1948 இல் 5,209 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. நலமாயிருந்தோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, நோய்வாய்ப்பட்டவர் யாவர், அவரிடம் முன்னரே இருந்த குறைகள் யாவை என்று அது கண்டறிந்தது. மக்கள் 'பிரஷர்' என்று வழங்கும் உயர் குருதியமுக்கம் சுவரை ஓயாது தாக்குகின்றது. மிகுந்த கொலஸ்திரோல் தடிப்பை வளர்க்கின்றது. நீரிழிவு படலத்தையுங் கெடுத்து, குருதியின் உறையுந் தன்மையையும் மிகுவிக்கின்றது. புகைத்தலோ சுவரைப் புண்ணாக்குவதோடு சிறுதட்டுக்களை எளிதில் ஒட்டச்செய்கின்றது. தடிப்பு வளர்வதற்கும் அது வெடித்தபின் அடைப்பு உண்டாவதற்கும் ஒருங்கே துணைபோகின்றது. வயதையும் பிறந்த குடும்பத்தையும் நாம் மாற்ற முடியாது. மேற்கூறிய நான்கும் அத்தகையனவல்ல.

உடலுழைப்பின் பயனைக் காட்டிய ஆராய்ச்சியொன்றும் சுவையானது. மொறிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் இலண்டன் இரட்டைத்தட்டு பஸ்களில் வேலைசெய்தோரை ஒப்புநோக்கி 1953 இல் எழுதினர். நாள்முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளிலும், படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவாகவே வந்தது. ஒரே வண்டி, ஒரே வீதி, வேறுபட்டது கால்களின் உழைப்பு.

நம்மவர்க்கு இவ்விடயம் இன்னும் நெருக்கமானது. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்து 2004 இல் வெளிவந்த 'இன்டர்ஹார்ட்' ஆராய்ச்சி, முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, அளந்தறியத்தக்க ஒன்பது காரணங்களாலேயே விளைகின்றதெனக் காட்டிற்று. மேற்கூறிய குறைகளோடு வயிற்றுப் பருமன், மனவழுத்தம், காய்கனி உண்ணாமை ஆகியனவும் அவ்வொன்பதில் அடங்கும். தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு 53 வயதளவிலும், ஏனையோர்க்கு 59 வயதளவிலும் நேர்வதாக அதன் தொடர்ச்சி 2007 இல் உரைத்தது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் காலத்திலேயே நம்மவர் வீழ்கின்றனர். இதைத் தலைவிதி என்று சொல்லி அமைதல் தகாது.

நோய் வந்துற்றபோது வேண்டுவது விரைவு. நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவும் தோன்றினால், வாய்வு என்று கருதி இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருத்தலாகாது. நீரிழிவுடையோர்க்கும் பெண்களுக்கும் நெஞ்சு நோவின்றி மூச்சுத்திணறலோ களைப்போ மட்டும் தோன்றலும் உண்டு. 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவித்தால் அம்புலன்ஸ் வண்டி வரும். சிறுதட்டுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் அஸ்பிரின், கட்டியைக் கரைக்கும் மருந்து ஆகிய இரண்டும் மாரடைப்புற்றோரின் மரணத்தைக் குறைக்கின்றன என்பதை 17,187 நோயாளரிடத்து நடந்த ஆராய்ச்சி 1988 இல் நிலைநாட்டிற்று. எனினும், நோயற்றவர் வைத்தியரைக் கேளாது நாடோறும் அஸ்பிரின் உண்ணல் நன்றன்று; வயிற்றிலும் மூளையிலும் குருதி கசியக்கூடும்.

மாணவர்களே, முதற் சிகரட்டை மறுக்கும் நாளே நுமது இருதயத்துக்கு நீவிர் செய்யும் முதல் மருத்துவம். ஆசிரியப் பெருமக்களே, மாலையில் மைதானம் வெறிச்சோடிக் கிடக்க விடாதீர்கள். பழைய மாணவர்களே, ஆண்டுக்கொருமுறையேனும் குருதியமுக்கத்தையும் சீனியையும் கொலஸ்திரோலையும் அளந்தறியுங்கள். வயது சென்றுவிட்டதென எண்ணற்க. புகைத்தலை எவ்வயதில் விட்டாலும் பயனுண்டு. அடுத்த யூபிலிக்கு நாம் கூடும்போது, வகுப்புத் தோழரைத் தேடும் கண்கள் அவர்களைக் கண்டு மகிழ்வனவாகுக.