நின்றால் கொதிக்கும், ஓடினால் ஆறும்

புதுச்சேரியின் இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து ரெட்டியார்பாளையம், மூலகுளம் வழியாக வில்லியனூருக்குப் போகும் சாலை உழவர்கரையை ஊடறுத்துச் செல்கிறது. மாலையில் பள்ளி வேன்களும் விழுப்புரம் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் ஒன்றையொன்று முட்டாத குறையாக ஊர்கின்றன. அந்த நெரிசலில் சில கார்களின் வெப்பமுள் மெல்ல மேலே ஏறும். அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தைத் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் முள் தானாகவே இறங்கிவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று உரிமையாளர் அதை அப்போதே மறந்துவிடுகிறார். ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி அந்த முள் இறங்கியதுதான். நின்றால் சூடாகி, ஓடினால் ஆறும் வண்டியில் முதலில் தேட வேண்டியது தண்ணீர்க் குறையை அல்ல, காற்றுக் குறையை.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மிச்ச வெப்பத்தின் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது. அங்கிருந்து அதை எடுத்துச் செல்ல வேண்டியது காற்று. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று முன்பக்கத்தில் தானாக வந்து மோதும். நிற்கும் வண்டிக்கு ஃபேனைத் தவிர வேறு துணை இல்லை. நிற்கும்போது எஞ்சின் குறைந்த வெப்பத்தையே உண்டாக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் காற்று அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. ஏசி ஓடினால் அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று, வருகிற கொஞ்சக் காற்றையும் சூடாக்கி அனுப்புகிறது. இந்தச் சிக்கல் காரோடு கூடவே பிறந்தது. வில்ஹெல்ம் மேபாக் 1900-இல் முதல் மெர்சிடிஸ் காருக்கு ஆயிரக்கணக்கான சிறு குழாய்களால் ஆன தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தபோதே, மெதுவாகப் போகையில் குளிரூட்ட அதன் பின்னால் ஒரு சிறு ஃபேனையும் வைத்தார். மறு ஆண்டு நீஸ் நகரப் பந்தயங்களில் பெயர் வாங்கிய கார் அது.

‘புதுச்சேரி வெயிலில் எந்த வண்டிதான் சூடாகாது?’ என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேடியேட்டரில் கூலன்ட் 95 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 30 டிகிரி என்றால் இடைவெளி 65. கத்திரி வெயிலில் 40 டிகிரி என்றால் 55. குளிரூட்டும் திறன் ஆறில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. இந்தியச் சாலைக்கென்று செய்யப்பட்ட கார் இதைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. வெயில் ஒரு பழுதை வெளிக்காட்டலாம், பழுதை உண்டாக்காது. டிசம்பரில் தப்பித்த வண்டி மே மாதத்தில் கொதித்தால், ஃபேன் டிசம்பரிலேயே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வாதம் பட்டறைகளில் அடிக்கடி கேட்பது: ‘நம்ம ஊருக்கு தெர்மோஸ்டாட் வால்வே வேண்டாம், கழற்றிப் போட்டுடலாம்.’ இதைக் கடுமையாகவே மறுக்க வேண்டியிருக்கிறது. கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் அந்த வால்வு, பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கிவிடும். முள் சிவப்பை நெருங்கும்போது அது ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். மூடியபடியே சிக்கிக்கொண்டிருந்தால் வேகம் பிடித்த பிறகும் வண்டி கொதிக்கும், இன்னும் வேகமாகவே கொதிக்கும். வால்வை எடுத்துவிட்டால் எஞ்சின் தன் சரியான சூட்டை எட்டத் தாமதமாகி, எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடுகின்றன. சில எஞ்சின்களில் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கவழியில் சுற்றிவந்து, சூடு அதிகமாவதும் உண்டு. இங்கே தொழில் பிரிந்துகிடக்கும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். மெக்கானிக், ஆட்டோ எலெக்ட்ரீஷியன், ஏசிக்காரர், ரேடியேட்டர் கடைக்காரர் என்று நால்வர் நான்கு இடங்களில் இருக்கிறார்கள். ஃபேன் பழுது பெரும்பாலும் எலெக்ட்ரீஷியனின் வேலை. வண்டியோ முதலில் மற்ற மூவரிடம் போய், அவரவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துகொண்டு திரும்புகிறது.

சோதனையை உரிமையாளரே தொடங்கலாம். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால், பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, இணைப்பு என்ற வரிசையில் பார்த்து, மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தால் குற்றவாளி பிடிபடும். ஏசி போட்டால் மட்டும் சுழல்கிறது, சூடேறினால் சுழலவில்லை என்றால் சந்தேகம் வெப்ப சென்சார் மீது போகும். ஃபேன் சுழன்றும் சூடு ஏறுகிறதா? மெதுவேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்து, ஃபேன் தாமதமாகவே சுழலத் தொடங்கலாம். மோட்டார் மாற்றியபோது வயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுழலலாம். விபத்துக்குப் பின் ஃபேனைச் சுற்றிய பிளாஸ்டிக் கூடு திரும்பப் பொருத்தப்படாமல் போயிருக்கலாம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மண்ணும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். பொலேரோ போன்ற வண்டிகளில் பெல்ட்டோடு சுழலும் ஃபேன் இருக்கும். எஞ்சின் சூடாக இருந்து அணைத்த பிறகு, கையால் தள்ளினால் அது எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் நடுவிலுள்ள கப்ளிங் போய்விட்டது என்று பொருள்.

தண்ணீர்ப் பக்கம் குற்றமே இல்லை என்பது என் வாதம் அல்ல. ரேடியேட்டர் மூடி ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான், வெறும் தண்ணீர்கூட 120 டிகிரிவரை கொதிக்காமல் தாங்குகிறது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் 100 டிகிரியை ஒட்டியே கொதித்து வழியும். அதுவும் நெரிசலில்தான் முதலில் தெரியும். எனவே ஃபேனுக்கு அடுத்த சந்தேகம் மூடியின் மேல். கடலோரப் பகுதியின் உப்பேறிய போர் தண்ணீரை ஊற்றிவந்தால் குழாய்களில் படிவு கட்டி, வாட்டர் பம்பின் இதழ்களும் அரித்துப்போகும். ஆனால் அப்படி அடைத்த ரேடியேட்டர் நெடுஞ்சாலையில்தான், எஞ்சின் முழு உழைப்பில் இருக்கும்போது, அதிகம் திணறும். எந்தச் சாலையில் சூடாகிறது என்ற கேள்விக்கு மெக்கானிக்கிடம் துல்லியமாகப் பதில் சொல்வது பாதி வேலை.

அலட்சியத்தின் விலை பெரிது. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் அமர்ந்த எஞ்சின் எல்லை மீறிச் சூடானால், ஹெட் வளைந்து கேஸ்கெட் கிழியும். சில நூறு ரூபாய் ரிலேயில் முடிந்திருக்க வேண்டியது எஞ்சினைப் பிரித்துப்போடும் வேலையாகிவிடும். ஆயில் மோர் நிறமானால், புகை வெள்ளையாகத் தொடர்ந்து வந்தால், அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று அறியலாம்.

நெரிசல் நடுவே முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வியர்த்தாலும் அது ஒரு சிறு ரேடியேட்டராக வேலை செய்யும். அதில் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் வற்றிவிட்டது, அல்லது ஓடவில்லை. முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். மூடியை உடனே திறந்தால் உள்ளிருப்பது நொடியில் ஆவியாகி முகத்தில் பாயும். ரேடியேட்டரைத் தைரியமாகத் தொட முடிகிறவரை, முக்கால் மணி நேரமானாலும், காத்திருந்து பிறகு நிரப்புங்கள். எஞ்சினைக் கிளப்பி ஏசியைப் போட்டு ஃபேனைப் பாருங்கள். சுழன்றால் பட்டறைவரை முள்ளைக் கவனித்தபடி போகலாம். சுழலாவிட்டால் சாலை காலியாகட்டும் என்று காத்திருப்பதா, இழுவை வண்டியை அழைப்பதா என்பதை அங்கேயே முடிவுசெய்யலாம்.