ஆசனப்பட்டி அணியாதவருக்கும் நட்டஈடு உண்டு

பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, யட்டியாந்தோட்டைப் பகுதிகளின் தோட்டப் பாதைகள் வளைவுகளும் சரிவுகளும் நிறைந்தவை. அவற்றில் வானிலோ லொறியிலோ முன்னாசனத்தில் ஆசனப்பட்டி அணியாது செல்பவர், மற்றொருவரின் கவனயீனத்தால் நேர்ந்த விபத்தில் காயமுற்றால் நட்டஈடு கேட்கும் உரிமையே அவருக்கு இல்லை என எண்ணுவது தவறாகும். அவ்வெண்ணத்தில் அற்ப தொகைக்குக் கையொப்பமிடும் தோட்டக் குடும்பம் தனக்குரியதைத் தானே கைவிடுகிறது.

சாரதியும் முன்னாசனப் பயணியும் ஆசனப்பட்டி அணிவது இலங்கையில் 2011ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. அணியாமை தண்டத்துக்குரிய குற்றமே. ஆயினும் தண்டம் வேறு, நட்டஈடு வேறு. முற்காலத்தில் காயமுற்றவரிடமும் கவனயீனம் காணப்பட்டால் அவரது வழக்கு முழுமையாகவே தோற்கக்கூடும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இந்நிலையை மாற்றியது. இன்று நீதிமன்றம் இரு தரப்பினரின் தவறையும் சீர்தூக்கி, அதற்கேற்ப நட்டஈட்டைக் குறைக்கலாம்.

எவ்வளவு குறைப்பது? 'ஃபுரூம் எதிர் புட்சர்' வழக்கில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 1975இல் ஓர் அளவுகோலை வகுத்தது. பட்டி அணிந்திருந்தால் காயமே ஏற்பட்டிராது எனில் 25 சதவீதம் குறைக்கப்படும். காயம் பெருமளவு தணிந்திருக்கும் எனில் 15 சதவீதம். அணிந்திருந்தும் பயனில்லை எனில் குறைப்பே இல்லை. இத்தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் வாதத்தில் எடுத்துக்காட்டத்தக்கது. அவ்வளவுகோலின்படி 10 இலட்சம் ரூபா இழப்பில் 25 சதவீதம் கழிந்தாலும் ஏழரை இலட்சம் எஞ்சும்.

பட்டி அணியாமையால் காயம் கூடியது என்பதை நிரூபிக்க வேண்டியவர் எதிர்த்தரப்பினரே. பட்டியே பொருத்தப்படாத முச்சக்கரவண்டியிலோ பஸ்ஸிலோ பயணித்தவர்மீது, பட்டி அணியவில்லை என்ற குறையைச் சுமத்துவது பொருந்தாது.

விபத்து நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். ஆகவே பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வைத்தியசாலைப் பத்திரங்களையும் பேணி வைத்தல் அவசியம். வசதி குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாமல் எந்தச் சமரசப் பத்திரத்திலும் ஒப்பமிடலாகாது.

நட்டஈடு எத்தகையதாயினும் இழந்த காலையோ கண்ணையோ மீட்டுத் தராது. பட்டி இருக்கும் வாகனத்தில் அதை அணிவதே முதற் பாதுகாப்பு.