அடியில் இருக்கும் தையல்தான் காயத்தைத் தாங்குகிறது, தெரியுமா?

ராமேஸ்வரம் ஜெட்டியில் ஒருவருக்கு நங்கூரக் கம்பி கெண்டைக்காலைக் கிழித்துவிடுகிறது. தோலும் கொழுப்பும் பிளந்து தசை தெரிகிறது. ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பிய பிறகு வெளியே ஒரு வரிசைத் தையல்தான் தெரியும். அதற்கு அடியில் இன்னொரு வரிசை இருக்கிறது, தெரியுமா? டாக்டர் முதலில் தைப்பதே அதைத்தான்! மேல்தோலை மட்டும் இழுத்து மூடினால் உள்ளே பள்ளம் நிற்கும். ரத்தம் தேங்கும், சீழ் பிடிக்கும். அதனால்தான் அடியிலிருந்து அடுக்கடுக்காக மூடிக்கொண்டு வருகிறார்கள்.

உள்தையலின் முடிச்சு எங்கே விழும் தெரியுமா? ஒரு பக்கம் ஊசி கீழிருந்து மேலே ஏறும். எதிர்ப்பக்கம் மேலிருந்து கீழே இறங்கும். நூலின் இரு நுனிகளும் ஆழத்தில் சந்திப்பதால் முடிச்சு அங்கேயே புதைந்துவிடும்! மேலே விழுந்தால் தோலைத் துளைத்துக்கொண்டு வந்துவிடுமே.

சங்கப் புலவர் பரணர் இந்த ஊசியைப் பாடியிருக்கிறார்! செங்குட்டுவனைப் போற்றும் பதிற்றுப்பத்துப் பாட்டில், வீரர் மார்பின் புண்ணைத் தைத்த நீண்ட ஊசியை, குளத்தில் மீனுக்காக மூழ்கி எழும் சிரல் பறவைக்கு, அதாவது மீன்கொத்திக்கு, ஒப்பிடுகிறார். பாம்பன் கரையில் மீன்கொத்தி பாய்வதைப் பார்த்தவர்கள் அசந்துபோவார்கள்.

நூலின் கதையைக் கேளுங்கள்! தோலுக்குப் பெரும்பாலும் நைலான். தங்கூசி வலையும் நைலான்தான். உள்ளே போடுவது பாலிகிளாக்டின் போன்ற கரையும் நூல். அதில் தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலமும் ஒரு சரக்கு! உடம்பின் ஈரமே அதை 56 முதல் 70 நாளுக்குள் கரைத்துவிடும்.

கால் தையலை 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அன்றைக்குக் காயத்துக்குத் திரும்பியிருக்கும் பலம், பழைய தோலின் பலத்தில் சுமார் 10 சதவீதம்தான்! அந்த நாட்களில் தாங்கிப் பிடிப்பது உள்தையல். 3 மாதம் ஆனாலும் 80 சதவீதத்துக்கு மேல் தேறாது. தையல் பிரித்த மறுநாளே வலை இழுக்கப் போகும் அண்ணன்மாரை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

திருக்கை முள் குத்தினால்? பெரும்பாலும் உடனே தைக்கவே மாட்டார்கள்! முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். கடல்நீரில் விப்ரியோ கிருமிகள் வேறு. அடுக்கடுக்காக மூடினால் அவை உள்ளேயே பெருகும். நன்றாகக் கழுவி, டிடி ஊசி போட்டு, திறந்தே வைத்து, 4, 5 நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் தையல். திருக்கையின் விஷம் புரதம், சூட்டில் சிதையும். அதனால் 45 டிகிரியைத் தாண்டாத சுடுநீரில் 30 முதல் 90 நிமிடம் காலை வைத்தால் வலி இறங்கும்! நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தி நின்றால் மட்டும் முள்ளைப் பிடுங்கவே கூடாது; அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

பாம்பன் பக்கத்துப் பெண்கள், பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்களே, அந்தப் பாசிக்கும் காயத்துக்கும் உறவு உண்டு! கட்டக்கோரை என்னும் சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் கிடைக்கிறது. அந்த வகைப் பொருளில் செய்த கட்டுத்துணியைத் திறந்த காயத்தில் வைத்தால், கசியும் நீரை உறிஞ்சிக் கூழாகும். அதிலுள்ள கால்சியம் ரத்தம் உறையவும் உதவும்.