நான்காவது முயற்சியில் ஏன் உதைக்கிறார்கள்?

2021 ஜனவரி 24, கிரீன் பே நகரின் லம்போ மைதானம். வென்றால் அமெரிக்க உதைபந்தாட்டத்தின் சூப்பர் போல் இறுதிப் போட்டி. ஆட்டம் முடிய 2 நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக இருந்தபோது, தம்பா பே அணியை விட கிரீன் பே பெக்கர்ஸ் 23-31 எனப் பின்தங்கியிருந்தது. எல்லைக்கோட்டுக்கு 8 யார் தூரம். கைவசம் கடைசி முயற்சி.

பயிற்றுவிப்பாளர் மட் லாஃப்ளூர் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைக்கச் சொன்னார். மூன்று புள்ளிகள் கிடைத்தன. அதன்பின் பந்து பெக்கர்ஸிடம் திரும்பவேயில்லை. முடிவு 26-31.

இந்த விளையாட்டில் 10 யார் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. நான்காவதும் தவறினால் பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போய்விடும். அதனால்தான் பல பயிற்றுவிப்பாளர்கள் உதைத்துவிட்டு ஒதுங்குகிறார்கள். எஞ்சிய மூன்று இடைநிறுத்தங்களைக் கொண்டு பந்தை மீட்கலாம் என்பதே லாஃப்ளூரின் கணக்கு. ரசிகர்களின் கேள்வியோ எளிமையானது: உதைத்த பின்னும் வெல்ல ஒரு டச்டவுன் தேவைதானே? அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் விருதை வென்ற ஆரன் ரொஜர்ஸ் களத்தில் இருக்கும்போதே அதற்கு முயன்றிருக்கலாமே?

இந்தக் கோபத்துக்கு ஆய்வின் ஆதரவும் உண்டு. அணிகள் நான்காவது முயற்சியில் தேவைக்கு அதிகமாக உதைக்கின்றன என்று பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006இல் வெளியான ஆய்வில் காட்டினார். ஆனால் பயிற்றுவிப்பாளரின் நிலை வேறு. துணிந்து தோற்றால் பழி அவருக்கு. வழமைப்படி உதைத்துத் தோற்றால் அது வீரர்களோடு பங்கிடப்படும். வேலை போகும் பயம் அவருக்கு உண்டு, ரசிகருக்கு இல்லை.

அண்மைக் காலத்தில் அணிகள் முன்பைவிட அதிகம் துணிகின்றன. அப்படித் துணிந்து தோற்கும் நாளிலும் ரசிகர்கள் பொறுமை காத்தால்தான் இந்த மாற்றம் நிலைக்கும்.