காப்பிக் கடையில் கச்சேரி!

மாடியில் ஒரு சிறிய கூடம். நூறு பேர் உட்கார்ந்தால் இடம் நிறைந்துவிடும். மேஜைகளின் மீது காப்பிக் கோப்பைகள். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சின்ன மேடை.

விளக்கு மங்குகிறது. கித்தாருடன் ஒருவர் மேடை ஏறுகிறார். அவ்வளவுதான்! கூடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது.

இது எங்கே என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில், சரடோகா ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில். நியூயார்க் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 180 மைல் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். ஊற்று நீருக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் பேர் போனது. அங்கே 1863-ம் ஆண்டிலிருந்து குதிரைப் பந்தயம் நடக்கிறது.

இந்தப் பாட்டுக் கூடத்தின் பெயர் "கபே லீனா". "கபே" என்றால் காப்பிக் கடை. லீனா என்பது அதை நடத்திய அம்மையாரின் பெயர்.

நாடோடிப் பாட்டு

அங்கே முக்கியமாகப் பாடப்படுவது நாடோடிப் பாட்டு. உழவர்களும், மாலுமிகளும், சுரங்கத் தொழிலாளர்களும் பாடிப் பாடி, வாய்மொழியாக வந்த பாட்டுகள் அவை. அந்த மெட்டில் புதிதாகப் பாட்டுக் கட்டுகிறவர்களும் உண்டு.

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்களுக்கு இந்தப் பாட்டுகளின் மீது பெரும் மோகம் உண்டாயிற்று. ஊருக்கு ஊர் காப்பிக் கடைகளில் பாட்டுக் கச்சேரி நடந்தது. பிறகு மோகம் குறைந்தது. கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கபே லீனா மட்டும் மூடப்படவில்லை. அந்த வகைக் கடைகளில் அமெரிக்காவிலேயே அதிக காலம் தொடர்ந்து நடப்பது அதுதான் என்கிறார்கள்.

அது எப்படி நிலைத்தது? அதுதான் கதை.

கனவு கலைந்தது

லீனா, இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1923-ல் பிறந்தவர். அவருடைய கணவர் பில் ஸ்பென்சர் ஒரு சிற்பி. இருவருக்கும் ஓர் ஆசை இருந்தது. சில ஆண்டுகள் கடை நடத்திப் பணம் சேர்ப்பது, பிறகு ஐரோப்பாவுக்குப் போய் நிம்மதியாக வாழ்வது!

1960 மே மாதத்தில் கடையைத் திறந்தார்கள். பணம் சேரவில்லை. இரண்டே ஆண்டுகளில் கணவர் லீனாவை விட்டுப் பிரிந்து போய்விட்டார்.

வேறொருவராக இருந்தால் கடையைப் பூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போயிருப்பார். லீனா போகவில்லை. தனி ஆளாகக் கடையை நடத்தினார். அவர் காலத்தில் அங்கே மது கிடையாது. காப்பியும் பலகாரமும்தான். அதில் என்ன லாபம் வரும்? கையில் காசு இல்லாத நாட்கள் பல. கடை தள்ளாடிய போதெல்லாம் பாடகர்களே வந்து உதவிக் கச்சேரி நடத்திக் கொடுத்தார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. வெளியூரிலிருந்து பாட வருகிறவர்களுக்கு லீனா தம் வீட்டிலேயே படுக்க இடம் கொடுப்பார். சாப்பாடு போடுவார். பேர் பெற்றவரா, பெறாதவரா என்று பார்க்க மாட்டார்.

யாரும் கேட்காத பாட்டு

1961-ல் ஓர் இளைஞர் அங்கே பாட வந்தார். வயது இருபது. கூட்டத்தில் பலர் அவர் பாட்டைக் கேட்கவில்லை. சளசளவென்று பேசிக்கொண்டே இருந்தார்கள். லீனாவின் கணவர் எழுந்து, "பேசாமல் கேளுங்கள்" என்று அதட்டினார் என்று சொல்வார்கள்.

அந்த இளைஞர் யார் தெரியுமா? பாப் டிலான்! 2016-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்றவர்.

இன்னொருவர் கதையும் கேளுங்கள். மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற கறுப்பினப் பாடகர் 1928-ல் இசைத்தட்டுகளில் பாடினார். பிறகு உலகம் அவரை மறந்துவிட்டது. வயலில் வேலை செய்து பிழைத்தார். 1963-ல் ரசிகர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிழவரும் லீனாவின் மேடையில் பாடினார். மூன்றே ஆண்டுகளில், 1966-ல், காலமானார். இப்படிப்பட்ட சிறிய மேடைகள் இல்லாவிட்டால் அவர் குரலை நேரில் கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்?

மாடிப்படி

இருபத்தொன்பது ஆண்டுகள் கடை நடத்தினார் லீனா. 1989-ல் மாடிப்படியில் தவறி விழுந்தார். அந்த ஆண்டு அக்டோபர் மாதம் உயிர் பிரிந்தது. வயது 66. ஐரோப்பாவுக்குப் போய் ஓய்வாக வாழும் அந்தப் பழைய ஆசை நிறைவேறவே இல்லை.

இனிக் கடை அவ்வளவுதான் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் நண்பர்களும் ரசிகர்களும் ஒன்று சேர்ந்தார்கள். லாப நோக்கம் இல்லாத ஒரு சங்கமாக அதை மாற்றினார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் பலர் வந்து வேலை செய்தார்கள். 2016-ல் கட்டிடம் புதுப்பிக்கப்பட்டது. மாடிக்குப் போக மின்தூக்கியும் வந்துவிட்டது. 2020-ல் கொரோனா நோய் பரவி ஊரெல்லாம் அடைபட்டபோது, வெறும் கூடத்தில் பாடச் செய்து இணையத்தின் மூலம் வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

அடுத்தவர் யார்?

இந்த வாரமும் அங்கே கச்சேரி உண்டு. அடுத்த வாரமும் உண்டு. பேர் பெற்ற பாடகர்களுக்கு ஒரு நாள் என்றால், புதியவர்களுக்கும் ஒரு நாள் உண்டு. அன்று யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். முறை வந்ததும் மேடை ஏறி ஒன்றிரண்டு பாட்டுகள் பாடலாம். மாணவர் வருவார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரும் வருவார். சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்குப் பாட்டின் அடி மறந்து போகும். கூட்டம் சிரிக்காது. பொறுத்திருந்து கேட்டுக் கை தட்டும்.

1961-ல் பேசிக்கொண்டே இருந்தவர்கள் எதை இழந்தார்கள் என்பது அந்த ஊருக்குத் தெரியும். ஆகவே, முன்பின் தெரியாத ஒரு பெண் கித்தாருடன் மேடை ஏறினாலும் காப்பிக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைக்கிறார்கள்.

யார் கண்டது? அடுத்த டிலான் அவராகவே இருக்கலாம்!