காந்தத்துக்கு எட்டும் தூரம்

ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. ட்ரையரில் காய்ந்து வந்த தேயிலை சல்லடைக்குப் போகும் வழியில் மேலே ஒரு காந்தக் கட்டை பொருத்தியிருப்பார்கள். தூளுக்குள் கிடக்கும் இரும்புப் பொடி, கம்பித்துண்டு, கொழுந்துச் சாக்கோடு வந்த ஆணி எல்லாம் டக்கென்று மேலே எழும்பி அதில் ஒட்டிக்கொள்ளும். தொடாமலே எப்படி இழுக்குது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

காந்தம் கிட்ட வந்ததும் இரும்புத் துண்டும் சற்று நேரம் ஒரு காந்தமாக மாறிவிடுகிறது. பக்கத்தில் இருப்பது வடமுனை என்றால், துண்டின் அந்தப் பக்கம் தென்முனையாகும். எதிர்முனைகள் ஒன்றையொன்று இழுக்கும், அவ்வளவுதான். பித்தளை, செம்பு, அலுமினியம், தங்கம் இப்படி மாறாது. மஞ்சளாக மின்னும் ஐந்து ரூபாய்க் காசு மட்டும் ஒட்டும். அதன் உள்ளே இருப்பது உருக்கு, மேலேதான் பித்தளைப் பூச்சு.

தூரம் இரண்டு மடங்கானால் இழுவை பாதியாகும் என்று நினைக்காதீர்கள். அதைவிடப் பல மடங்கு குறைந்துவிடும். தூளை மெல்லிசாகப் பரப்பி ஓடவிடுவது இதற்காகத்தான். காந்தத்தை அடிக்கடி துடைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டினது திரும்பத் தூளுக்குள்ளேயே விழும்.

தண்டு, நார் பிரிக்கும் மெசினையும் சிலர் காந்தம் என்கிறார்கள். அது வேறு. அங்கே பிளாஸ்டிக் உருளை உரசி உண்டாகும் மின்சாரம்தான் நாரை இழுக்கிறது. சீப்பால் தலை சீவிவிட்டுக் கடதாசித் துண்டைத் தூக்குகிற அதே விளையாட்டு.

ஹந்தானையில் 1925ஆம் ஆண்டு கட்டிய தொழிற்சாலை 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய மெசின்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல இடம், கண்டிக்குப் போனால் கூட்டிப்போங்கள்.

இனித்தான் பெற்றோர் கவனிக்க வேண்டியது. காந்தம் கடதாசிக்கு அப்பாலும் இழுக்கும், சதைக்கு அப்பாலும் இழுக்கும். விளையாட்டுச் சாமானில் வரும் குண்டுமணி அளவு காந்தங்கள் மிகவும் பலமானவை. பிள்ளை இரண்டை விழுங்கினால், அல்லது ஒரு காந்தமும் ஒரு இரும்புத் துண்டும் விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து அவை நசுக்கும். அந்த இடம் ரத்தம் ஓடாமல் அழுகி ஓட்டை விழும். முதலில் ஒன்றும் தெரியாது, பிறகுதான் வாந்தி, வயிற்றுவலி. தானாக வெளியே வந்திடும் என்று வாழைப்பழமும் விளக்கெண்ணெயும் கொடுத்துக்கொண்டு லயத்தில் காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்த உடனேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கண்டிப் பக்கத்தவர்களுக்குப் பேராதனையில் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. டாக்டர் சொல்லும்வரை சாப்பாடு, தண்ணி கொடுக்காதீர்கள். அதே மாதிரிக் காந்தம் வீட்டில் இன்னொன்று இருந்தால் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.