வட்டத்துக்குள் நின்று வென்றவர்கள்

சென்ற விளையாட்டு விழாவில் வட்டு எறிதல் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் எங்கள் பள்ளியில் மொத்தம் நான்கே பேர். நூறு மீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுக்க வந்தவர்களின் வரிசை மாடிப்படி வரை நீண்டது. த்ரோபால் அணியில் இடம் பிடிக்க ஒரே போட்டி. வட்டு எறிதல் என்றதும் மட்டும், “ஐயோ, அது பையன்களின் விளையாட்டு, கையெல்லாம் தடித்துப் போகும்!” என்று தோழியர் ஒதுங்கிக்கொண்டனர்.

அந்த நால்வரில் நானும் ஒருத்தி. எறிந்தேன். வட்டு நன்றாகத்தான் பறந்தது. ஆனால் எறிந்த வேகத்தில் என் கால் எறிவட்டத்தின் விளிம்பைத் தாண்டி முன்னால் விழுந்துவிட்டது. சிவப்புக் கொடி உயர்ந்தது. மூன்று வாய்ப்பிலும் இதே கதைதான்! வீட்டிற்கு வந்து சொன்னபோது அம்மா, “பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிற வருஷத்தில் உனக்கு இது தேவையா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடியபோது நான் தெரிந்துகொண்டவற்றையே, அன்பார்ந்த தோழியரே, இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

டெல்லியில் ஒரு பொன்னாள்

2010-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள். டெல்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் பெண்களுக்கான வட்டு எறிதல் நடைபெற்றது. கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். ஹர்வந்த் கௌர் 60.16 மீட்டருடன் வெள்ளியும், சீமா ஆன்டில் 58.46 மீட்டருடன் வெண்கலமும் பெற்றனர். வெற்றி மேடையின் மூன்று படிகளிலும் இந்தியப் பெண்கள்! ஏறிய மூன்று கொடிகளும் நம் மூவர்ணக் கொடிகளே!

இதன் அருமை புரிய வேண்டுமானால் பழைய கணக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும். 1958-இல் கார்டிஃப் நகரில் நடந்த போட்டியில் மில்கா சிங் 440 கெஜ ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதற்குப் பிறகு 52 ஆண்டுகள் காமன்வெல்த் தடகளத்தில் நமக்குத் தங்கமே கிடைக்கவில்லை. அந்த நீண்ட காத்திருப்பை முடித்து வைத்தது ஒரு பெண்ணின் கை. இப்போட்டிகளின் தடகளத்தில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணியும் கிருஷ்ணா பூனியாவே. அப்போது அவர் ஒரு மகனுக்குத் தாய். அவருடைய கணவரே அவருக்குப் பயிற்சியாளர். 2011-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

2009-ஆம் ஆண்டின் உலகச் சாம்பியனான ஆஸ்திரேலியாவின் டேனி சாமுவேல்ஸ் அந்த முறை டெல்லிக்கு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் வந்தவர்கள் அத்தனை பேரையும் வென்றால்தானே பதக்கம்!

61.51 மீட்டர் என்றால் எவ்வளவு தூரம்? நம் பள்ளிக் கூடைப்பந்து மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முறையான நீளம் 28 மீட்டர். அப்படி இரண்டு மைதானங்களை நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்தாலும், அவற்றையும் தாண்டி ஐந்தரை மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது அந்த வட்டு!

வட்டும் எறிவட்டமும்

பெண்கள் எறியும் வட்டின் எடை ஒரு கிலோ. ஆண்களுக்கு இரண்டு கிலோ. பெண்களுடைய வட்டின் குறுக்களவு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். ஒரு சிறிய டிபன் தட்டின் அகலம்தான். நடுவில் பருத்து, ஓரத்தில் மெலிந்து, உலோக விளிம்புடன் இருக்கும்.

எறிபவர் நிற்கும் எறிவட்டத்தின் குறுக்களவு இரண்டரை மீட்டர். முன்புறம் தவிர மற்ற பக்கங்களில் பாதுகாப்புக்காக வலைக்கூண்டு கட்டியிருப்பார்கள். வட்டு, சுமார் 35 பாகை அளவில் விரிந்திருக்கும் இரு கோடுகளுக்குள் விழ வேண்டும். விளிம்பின் மேற்புறத்தையோ வெளித்தரையையோ கால் தொட்டால் தவறு. வட்டு தரையில் விழும் வரை வெளியே வரக்கூடாது. வரும்போதும் பின்பாதி வழியாகத்தான் வர வேண்டும். பெரிய போட்டிகளில் எல்லோருக்கும் முதலில் மூன்று வாய்ப்புகள் உண்டு. முன்னணியில் இருப்பவர்களுக்கு மேலும் சில வாய்ப்புகள்.

கை பலமா, கால் பலமா?

இதில்தான் நாம் எல்லோரும் ஏமாந்து போகிறோம். வட்டைத் தூக்கி எறிவது கை என்றே நானும் நினைத்திருந்தேன். எங்கள் உடற்கல்வி ஆசிரியை, “கையை மறந்துவிடு, காலைக் கவனி” என்றார். எறிய வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, பிறகுதான் வட்டை விட வேண்டும். முதலில் கால் திரும்பும், அடுத்து இடுப்பு, அதன்பின் தோள், எல்லாவற்றிற்கும் கடைசியாகக் கை.

சின்ன வயதில் நாம் தட்டாமாலை சுற்றியிருக்கிறோம் அல்லவா? உடம்பு முன்னே திரும்பும். பாவாடை விரிந்து பின்னாலேயே வரும். வட்டைப் பிடித்த கையும் அந்தப் பாவாடையைப் போலத்தான் பின்தங்கி வர வேண்டும். காலும் இடுப்பும் சேர்த்த வேகம் முழுவதும் கடைசி நொடியில் கைக்கு வந்து சேரும். கையை அவசரப்படுத்தினால் அந்த வேகம் வீணாகிவிடும். உடம்பும் நிலைகுலைந்து முன்னால் சாயும். என் கால் விளிம்பைத் தாண்டிய காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது!

வட்டைக் கெட்டியாகப் பிடிப்பதும் இல்லை. விரல்களின் நுனிக்கணுக்களில் அது தங்கியிருக்கும். கடைசியாக ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டு வெளியேறும்போது சுழலத் தொடங்கும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் வட்டும் புரளாமல் காற்றில் மிதந்து செல்லும்.

இன்னொரு வியப்பு: பின்னாலிருந்து வீசும் காற்றைவிட, அளவான எதிர்க்காற்றே வட்டுக்கு நல்லது. பட்டினப்பாக்கம் கடற்கரையில் பட்டம் விடுபவர்களைப் பாருங்கள். காற்றை எதிர்கொண்டுதானே பட்டம் மேலே ஏறுகிறது? சரியான சாய்வில் சென்றால் வட்டையும் அந்தக் காற்றே தாங்கிப் பிடிக்கிறது.

பெண்களுக்குக் கிடைத்த இடம்

பழங்கால கிரேக்கர்கள் ஆடிய விளையாட்டு இது. வட்டு எறிபவனின் சிலையை மைரான் என்ற சிற்பி வடித்தது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில். 1896-இல் ஏதென்ஸில் ஒலிம்பிக் மீண்டும் தொடங்கியபோது ஆண்களுக்கு வட்டு எறிதல் இருந்தது. பெண்களுக்கு எந்தப் போட்டியும் இல்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில்தான் பெண்களுக்குத் தடகளத்தில் இடம் கிடைத்தது. அதுவும் ஐந்தே போட்டிகள்! அவற்றுள் ஒன்று வட்டு எறிதல். போலந்தின் ஹலினா கோனோபாட்ஸ்கா 39.62 மீட்டர் எறிந்து வென்றார். அவர் ஒரு கவிஞரும்கூட. இதைப் பையன்களின் விளையாட்டு என்று சொல்லும் தோழியர் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்று உலகச் சாதனை 76.80 மீட்டர். கிழக்கு ஜெர்மனியின் கேப்ரியல் ரைன்ஷ் 1988-இல் எறிந்தது அது. நம் நாட்டில் நீலம் ஜஸ்வந்த் சிங் 2002-இல் பூசான் ஆசியப் போட்டியில் 64.55 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். டெல்லியில் வெண்கலம் பெற்ற சீமா, 2014-இல் இஞ்சியோன் ஆசியப் போட்டியில் 61.03 மீட்டர் எறிந்து தங்கமே பெற்றார்.

கிருஷ்ணா பூனியாவோ 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் 63.62 மீட்டர் எறிந்தார். டெல்லியில் தங்கம் தந்த தூரத்தைவிட இது இரண்டு மீட்டருக்கும் அதிகம். ஆனால் லண்டனில் பதக்கம் இல்லை. பதக்கம் மற்றவர்களையும் பொறுத்தது. முன்னேற்றம் நம்மைப் பொறுத்தது என்று இதிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

அம்மாவுக்கு என் பதில்

இவற்றையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். தினமும் மாலை இருபது நிமிடம் மட்டும், அதுவும் அன்றையப் பாடத்தை முடித்த பின்பு, என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். மந்தைவெளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாக்பீஸால் இரண்டரை மீட்டர் வட்டம் போட்டிருக்கிறேன். வட்டு இல்லாமல், வெறும் கையுடன் சுற்றிப் பழகுகிறேன். முதல் வாரம் தலைதான் சுற்றியது! இப்போது பத்து முறை சுற்றினால் ஏழு முறை கால் உள்ளேயே நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வடாம் பிழிய மாடிக்கு வந்த அம்மா, என் வட்டம் அழியாதபடி புடவையை ஓரமாக விரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

தோழியரே, அடுத்த விளையாட்டு விழாவில் வட்டு எறிதலுக்கு நான்கு பெயர்கள் போதாது. நாற்பது பெயர்களாவது வேண்டும். பெற்றோர்களே, உங்கள் மகள் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னால், தயவுசெய்து “உனக்கு இது தேவையா?” என்று கேட்காதீர்கள். “கால் உள்ளே நின்றதா?” என்று கேளுங்கள்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி